கேனான் லென்ஸ், சோனி கேமரா: அடாப்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேனான் டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் பல ஆண்டுகள் படம் எடுத்து, ஈ.எஃப். மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் பூட்டும் அமைப்பு) லென்ஸ்கள் நான்கைந்து சேர்ந்துவிட்ட நிலையில் சோனியின் ஈ மவுண்ட் மிரர்லெஸ் கேமராவுக்கு மாற எண்ணுபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. நிக்கான் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் பழைய மேனுவல் லென்ஸ்களை விரும்புபவர்களுக்கும் உரிய விடைகள் பிற்பகுதியில் உள்ளன.

ஒரு நிறுவனத்தின் லென்ஸ் வேறொரு நிறுவனத்தின் கேமராவில் வேலை செய்வது எப்படி?

லென்ஸ் பூட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு மவுண்டும் முன்கூட்டியே வரையறுத்திருக்கிறது. இதை ஃபிளாஞ்ச் தொலைவு என்பார்கள். 1959இல் வந்த நிக்கான் எஃப் மவுண்டில் இது 46.5 மி.மீ.; 1987இல் வந்த கேனான் ஈ.எஃப். மவுண்டில் 44 மி.மீ. டி.எஸ்.எல்.ஆர். போன்ற கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் ஒரு பிரதிபலிக்கும் கண்ணாடி மேலெழுந்து இறங்க இடம் வேண்டியிருந்ததால்தான் இவ்வளவு இடைவெளி விடப்பட்டது. மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி இல்லை என்பதால் சோனி ஈ மவுண்ட் 18 மி.மீ., கேனான் ஆர்.எஃப். 20 மி.மீ., நிக்கான் இசட் 16 மி.மீ. எனச் சுருங்கிவிட்டன. ஆகவே, ஈ.எஃப். லென்ஸைச் சோனியில் பூட்டுவதற்கு 44இலிருந்து 18 போக மிஞ்சும் 26 மி.மீ. நீளத்தை நிரப்பும் ஒரு குழாய் போதும்; அடாப்டர் என்பது இதுதான். அந்தக் குழாய்க்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் தேவைப்படாது.

இதையே தலைகீழாகச் செய்ய முடியுமா? சோனி லென்ஸைக் கேனான் கேமராவில் பூட்டலாமா?

முடியாது. சோனி லென்ஸ் சென்சாருக்கு 18 மி.மீ. தொலைவில் நிற்க வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டது, கேனான் ஆர்.எஃப். உடலில் வளையமே 20 மி.மீ. தள்ளி இருக்கிறது. அடாப்டர் தொலைவைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. நிக்கான் இசட் மட்டும் 16 மி.மீ. என்பதால், 2 மி.மீ. இடைவெளிக்குள் மின்சுற்றையும் அடக்கி, சோனி ஈ லென்ஸை ஆட்டோஃபோகஸோடு இயக்கும் அடாப்டர்களை டெக்ஆர்ட், மெகாடாப் ஆகிய நிறுவனங்கள் விற்கின்றன. பிற்காலத்தில் மீண்டும் ஒரு முறை கட்சி மாறும் எண்ணம் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சில நூறு ரூபாய்க்கும் அடாப்டர் கிடைக்கிறது, பல ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. என்ன வித்தியாசம்?

மலிவானது வெறும் உலோக வளையம். விலை கூடியதில் மின்தொடர்புப் புள்ளிகளும், கேனான் லென்ஸ் பேசுவதைச் சோனி கேமராவுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் சிறு சில்லும் இருக்கின்றன.

ஈ.எஃப். லென்ஸைப் பொறுத்தவரை அந்த மலிவான வளையம் பெரும்பாலும் பயன்படாது. ஈ.எஃப். மவுண்ட் தொடக்கம் முதலே அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பை) மின்சாரத்தால் மட்டுமே இயக்கிவருகிறது. லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் கிடையாது. மின்தொடர்பு இல்லாவிட்டால் லென்ஸ் முழுத் திறப்பிலேயே நின்றுவிடும். எஃப்/8 என்னும் சிறிய திறப்பு வேண்டுமென்றால், லென்ஸை ஒரு கேனான் கேமராவில் பூட்டி, எஃப்/8 வைத்து, ஆழப் புலத்தை முன்கூட்டியே பார்க்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்ற வேண்டும். அப்போது அப்பர்ச்சர் இதழ்கள் சுருங்கிய நிலையிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு முறை அப்பர்ச்சர் மாற்றவும் இதையே செய்ய வேண்டுமென்றால் யாருக்குப் பொறுமை இருக்கும்? எஸ்.டி.எம். (ஸ்டெப்பிங் மோட்டார்) வகை லென்ஸ்களில் நிலைமை இன்னும் மோசம்: ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினாலும் உள்ளே மோட்டார்தான் கண்ணாடியை நகர்த்துகிறது என்பதால், மின்சாரம் இல்லாதபோது வளையம் சும்மா சுழலுமே தவிர ஃபோகஸ் அசையாது.

ஆட்டோஃபோகஸ் பழைய வேகத்தில் கிடைக்குமா?

இந்தப் பக்கத்தில் மிக நிதானமாகப் படிக்க வேண்டிய விடை இதுதான், ஏனெனில் 'கிடைக்கும்', 'கிடைக்காது' என்று ஒற்றைச் சொல்லில் சொல்ல இயலாது.

தொடக்ககாலச் சோனி உடல்களில் ஈ.எஃப். லென்ஸ்கள் தட்டுத் தடுமாறித்தான் ஃபோகஸ் செய்தன. 2015இல் வந்த ஏ7ஆர் மார்க் 2, சென்சாரிலேயே உள்ள ஃபேஸ் டிடெக்ஷன் (ஃபோகஸை விரைவாகக் கணிக்கும்) புள்ளிகளைப் பிற நிறுவன லென்ஸ்களுக்கும் திறந்துவிட்ட பிறகுதான், அடாப்டர் வழியே கேனான் லென்ஸைப் பயன்படுத்துவது தொழில்முறையாளர்களிடையே பரவியது. மெட்டாபோன்ஸ், 2016இல் வந்த சிக்மாவின் எம்.சி.-11, வில்ட்ராக்ஸ், காம்லைட் முதலிய அடாப்டர்கள் இன்று பலரிடம் இருக்கின்றன. இவற்றில் எம்.சி.-11 அதிகாரப்பூர்வமாக ஆதரிப்பது கேனான் மவுண்டில் வந்த சிக்மா லென்ஸ்களை மட்டுமே. கேனானின் சொந்த லென்ஸ்கள் அதில் நன்றாகவே இயங்கக்கூடும், ஆனால் அதற்கு நிறுவனம் பொறுப்பேற்பதில்லை.

நடைமுறையில், நல்ல வெளிச்சத்தில், ஒற்றைப் படத்துக்கான ஃபோகஸில், வளைய வகை யு.எஸ்.எம். (அல்ட்ராசானிக்) மோட்டார் உள்ள லென்ஸ்கள் குறை சொல்ல முடியாதபடி இயங்குகின்றன. 50 மி.மீ. எஃப்/1.8இன் இரண்டாம் பதிப்பு போன்ற பழைய சிறு மோட்டார் லென்ஸ்கள் கேனானிலேயே மெதுவானவை; இங்கே அவை இன்னும் தயங்கும். மங்கிய ஒளியில் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடுவது அதிகமாகும். தொடர் ஃபோகஸில் நிறைய சேர்க்கைகள் சறுக்குகின்றன: அதிவேகத் தொடர்ப் படப்பிடிப்பில் சில உடல்கள் முதல் படத்தோடு ஃபோகஸைப் பூட்டிவிடும், வேகத்தைக் குறைத்தால்தான் ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸ் புதுப்பிக்கப்படும். சோனி ஏ1 தன் சொந்த லென்ஸ்களுடன் நொடிக்கு 30 படங்கள் வரை எடுக்கும், பிற நிறுவன லென்ஸ்களுடன் 15க்கு மேல் போவதில்லை. அடாப்டரில் அந்த 15ஐயும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு நன்மையையும் இங்கே சொல்லியாக வேண்டும். டி.எஸ்.எல்.ஆர். உடலில் ஃபோகஸைக் கணிப்பது சென்சார் அல்ல, கண்ணாடிக்குக் கீழே உள்ள தனி உணர்கருவி. அதற்கும் சென்சாருக்கும் இடையே நுண்ணிய பிசகு இருந்தால், கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் நிற்கும். மிரர்லெஸ்ஸில் சென்சாரே ஃபோகஸைக் கணிப்பதால், எஃப்/1.4 போன்ற அகலத் திறப்பு லென்ஸ்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்துவிடுகிறது. கேனானில் 'சாஃப்ட்' என்று ஒதுக்கிவைத்த லென்ஸ் சோனியில் கூர்மையாகப் படம் தருவதன் ரகசியம் இவ்வளவுதான்.

திருமணப் படப்பிடிப்புக்கு அடாப்டரை நம்பலாமா?

குழுப் படங்கள், மண்டப அலங்காரம், நகைகள், மணமக்களை நிற்கவைத்து எடுக்கும் உருவப் படங்கள் ஆகியவற்றுக்குத் தாராளமாக நம்பலாம். தாலி கட்டும் நேரத்துக்கு நம்ப வேண்டாம். கெட்டிமேளம் முழங்க, அட்சதை பறக்க, இடையிடையே உறவினர்களின் கைகளும் செல்பேசிகளும் குறுக்கிட, சில நொடிகளில் நடந்து முடிந்துவிடும் காட்சி அது. அந்தச் சமயத்தில் லென்ஸ் ஒரு முறை தேடி ஓடினாலும் படம் போய்விடும்; அடாப்டர் தொடர்பை இழந்து திரையில் அப்பர்ச்சர் எண் மறைந்துவிட்டால், கேமராவை அணைத்துப் போடும் அளவுக்குக்கூட அவகாசம் இருக்காது. இது எப்போதாவது நிகழ்வதுதான் என்றாலும், நிகழும் நேரத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

எனவே, இதைத் தொழிலாகச் செய்பவர்கள் கேமரா வாங்கும்போதே ஒரு சொந்த மவுண்ட் லென்ஸையாவது சேர்த்து வாங்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 24-70 மி.மீ. எஃப்/2.8 அல்லது 28-75 மி.மீ. எஃப்/2.8 வகையில், சோனி ஈ மவுண்டுக்கென்றே சிக்மாவும் டாம்ரானும் செய்தவை சோனியின் சொந்த லென்ஸைவிட விலை குறைந்தவை. மற்ற லென்ஸ்கள் அடாப்டரில் சில காலம் ஓடட்டும்.

அடாப்டரால் படத்தின் தரம் குறையுமா?

உள்ளே கண்ணாடி இல்லாததால் கொள்கையளவில் குறையக் கூடாது. ஆனால் அடாப்டரின் தடிமன் துல்லியமாக 26 மி.மீ. இருக்க வேண்டும், இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், உட்புறம் ஒளியைத் திருப்பி அடிக்கக் கூடாது. இவை மூன்றில் ஏதேனும் ஒன்று தவறினால் படத்தில் தெரியும்.

தடிமன் கூடினால் தொலைதூரக் காட்சிகளுக்கு ஃபோகஸ் கிடைக்காது. குறைந்தால் முடிவிலிக் குறியைத் தாண்டியும் ஃபோகஸ் போகும். பெரும்பாலான நிறுவனங்கள் இதையே பாதுகாப்பான தவறாகக் கருதி, இழையளவு குறைத்தே செய்கின்றன. சாதாரண லென்ஸ்களுக்கு இதனால் பெரிய தீங்கில்லை. அகலக் கோண லென்ஸ்களில், கிட்டக் காட்சிக்கும் எட்டக் காட்சிக்கும் ஏற்ப உள்ளே சில கண்ணாடிகள் தனித்து நகரும் அமைப்பு உண்டு. அவற்றில் தடிமன் பிசகினால் படத்தின் ஓரங்கள் மங்கும். முகங்கள் இணையாக இல்லாவிட்டால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக வரும்.

புதிய அடாப்டர் கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். கேமராவை முக்காலியில் வைத்து, தொலைவிலுள்ள ஒரு செல்பேசிக் கோபுரத்தை நடுவில் ஃபோகஸ் செய்து, லென்ஸின் முழுத் திறப்பில் ஒரு படம் எடுங்கள். பிறகு ஃபோகஸைத் தொடாமல், கோபுரம் நான்கு மூலைகளுக்கும் வரும்படி கேமராவைத் திருப்பித் திருப்பி நான்கு படங்கள் எடுத்து, பெரிதாக்கி ஒப்பிடுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு மங்கினால் அது லென்ஸின் இயல்பு. இடப்பக்க மூலைகள் தெளிவாகவும் வலப்பக்க மூலைகள் குழைந்தும் இருந்தால், இதே லென்ஸைக் கேனான் உடலில் பூட்டி மறுபடி பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் குற்றவாளி அடாப்டர்தான். பிறகு டார்ச் ஒளியை அடாப்டருக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். உட்சுவர் கன்னங்கரேலென்று ஒளியை விழுங்க வேண்டும். பளபளவென்று மின்னினால், சூரியனுக்கு எதிரே எடுக்கும் படங்களில் வெளிறிய திரை படரும்.

ஈ.எஃப்.-எஸ். லென்ஸ்களை ஃபுல் ஃபிரேம் சோனியில் பூட்டலாமா?

பூட்டலாம். ஈ.எஃப்.-எஸ். என்பது ஏ.பி.எஸ்.-சி. எனப்படும் சிறிய சென்சாருக்கான கேனான் லென்ஸ்; ஃபுல் ஃபிரேம் என்பது அதைவிடப் பெரிய, 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சார். ஈ.எஃப். லென்ஸில் சிவப்புப் புள்ளியும் ஈ.எஃப்.-எஸ். லென்ஸில் வெள்ளைச் சதுரமும் இருக்கும். நல்ல அடாப்டர்களில் இரண்டுக்கும் உரிய குறிகள் இருக்கின்றன. ஆனால் இந்த லென்ஸின் ஒளிவட்டம் சிறியது என்பதால் படத்தின் மூலைகள் கறுத்துவிடும். தவிர்க்க வேண்டுமானால் கேமராவை ஏ.பி.எஸ்.-சி. முறைக்கு மாற்ற வேண்டும். அப்போது 24 மெகாபிக்சல் ஏ7 மார்க் 3 சுமார் 10 மெகாபிக்சல் படமே தரும். அதற்காக ஃபுல் ஃபிரேம் உடல் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

ஸ்பீட் பூஸ்டர் என்பது என்ன?

இது கண்ணாடி உள்ள அடாப்டர். மெட்டாபோன்ஸ் 2013இல் வெளியிட்டது. வேறு சில நிறுவனங்களும் இன்று செய்கின்றன. ஃபுல் ஃபிரேம் லென்ஸின் பெரிய ஒளிவட்டத்தை 0.71 மடங்காகச் சுருக்கி ஏ.பி.எஸ்.-சி. சென்சார் மீது குவிக்கிறது. ஒளி குறுகிய பரப்பில் குவிவதால் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுகிறது, அதாவது இரு மடங்காகிறது: 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் ஏறக்குறைய 35 மி.மீ. எஃப்/1.0 போல இயங்கும். சோனியின் ஏ6000 வரிசை உடல் வைத்திருப்பவர்களுக்கு இது மிகப் பயனுள்ள கருவி. ஃபுல் ஃபிரேம் சென்சார் உள்ளவர்களுக்கு இதனால் பயனில்லை.

கை அதிர்வைத் தடுக்கும் வசதி இயங்குமா?

மின்தொடர்புள்ள அடாப்டரில் கேனான் லென்ஸின் ஐ.எஸ். (அதிர்வுத் தடுப்பு) பெரும்பாலும் இயங்கும். அதைவிட முக்கியமானது, ஐ.எஸ். இல்லாத லென்ஸ்களுக்குக் கிடைக்கும் புது வாழ்வு. கேனானின் 24-70 மி.மீ. எஃப்/2.8 எல் இரண்டாம் பதிப்பில் அதிர்வுத் தடுப்பு கிடையாது. ஏ7 வரிசையில் 2014இன் மார்க் 2 தொடங்கி உடலிலேயே அந்த வசதி இருப்பதால், இந்த லென்ஸிலும் ஷட்டர் வேகத்தைக் குறைத்து எடுக்க முடிகிறது. மின்தொடர்பு இல்லாத லென்ஸானால் அதன் ஃபோகல் நீளத்தை மெனுவில் நீங்களே குறிப்பிட வேண்டும். 135 மி.மீ. லென்ஸைப் பூட்டிவிட்டு மெனுவில் 35 என்றே விட்டுவைத்தால் தடுப்பு போதாமல் போகும், 35 மி.மீ. லென்ஸுக்கு 135 என்று இருந்தால், கேமரா தேவைக்கு மேல் ஈடுசெய்து அதுவே படத்தைக் கலைத்துவிடும்.

வீடியோவுக்கு?

கையால் ஃபோகஸ் செய்பவர்களுக்குத் தடையில்லை. வீடியோவில் தொடர் ஆட்டோஃபோகஸ் வேண்டுமென்றால் சொந்த மவுண்ட் லென்ஸ் வாங்குங்கள், எம்.சி.-11 உட்படப் பல அடாப்டர்கள் அதை முறையாக ஆதரிப்பதில்லை, இயங்கினாலும் மோட்டார் ஒலி மைக்கில் பதியும்.

எந்த லென்ஸை வைத்துக்கொள்ளலாம், எதை விற்றுவிடலாம்?

லென்ஸின் பெயரைப் பார்க்காமல், அதைக் கொண்டு நீங்கள் என்ன எடுக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் பெரும்பாலும் கையால்தான் ஃபோகஸ் செய்வீர்கள்; அதை விற்க வேண்டிய அவசியமே இல்லை. கட்டடங்களுக்கான டி.எஸ்.-ஈ. சாய்வு லென்ஸ்களில் ஆட்டோஃபோகஸே கிடையாது, சோனியும் அதற்கு நிகரான ஒன்றைச் செய்வதில்லை. அவற்றைக் கண்ணும் கருத்துமாக வைத்துக்கொள்ளுங்கள். இயற்கைக் காட்சிக்கான அகலக் கோண ஜூம், நிதானமான உருவப் படத்துக்கான 85 மி.மீ. ஆகியவையும் அடாப்டரில் காலம் தள்ளும்.

தினமும் கையிலிருக்கும் நடுத்தர ஜூமைத்தான் முதலில் மாற்ற வேண்டும். பறவைகளுக்கும் விளையாட்டுக்கும் பயன்படும் நீண்ட டெலி லென்ஸ் அடுத்து. 70-200 மி.மீ. எஃப்/2.8இல்தான் பலர் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறார்கள். ஓடும் காட்சிகளை எடுப்பவர்கள் விற்றுவிடலாம், மேடைக் கச்சேரி எடுப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம். எடை சுமார் ஒன்றரைக் கிலோ என்பதால், முக்காலியில் எப்போதும் லென்ஸின் காலர் வழியாகவே பொருத்துங்கள். 40 மி.மீ. எஃப்/2.8 போன்ற தட்டை லென்ஸ்களுக்கு 26 மி.மீ. குழாயை ஒட்டவைத்தால் அவற்றின் ஒரே சிறப்பும் போய்விடுகிறது.

நிக்கான் லென்ஸ்கள் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

லென்ஸின் வகையை முதலில் பாருங்கள். அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸ்கள் வெறும் வளைய அடாப்டரிலேயே முழுமையாக இயங்கும், ஃபோகஸ் மட்டும் கையால். ஜி வகை லென்ஸ்களில் வளையம் இல்லை. பின்புறமுள்ள சிறு நெம்புகோலை அசைக்கும் வளையம் அடாப்டரிலேயே இருக்க வேண்டும், அதில் எண்கள் இருக்காது, வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். ஈ வகையில் அப்பர்ச்சர் மின்சாரத்தால் இயங்குவதால் மின்தொடர்பு இன்றிப் பயனில்லை. நிக்கான் இசட் உடலுக்கே மாறுபவர்கள்கூட, அந்நிறுவனத்தின் எஃப்.டி.இசட். அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் இல்லை என்பதை அறிந்திருக்க வேண்டும், உள்ளே மோட்டார் இல்லாத ஏ.எஃப்.-டி. லென்ஸ்களுக்கு அதில் ஆட்டோஃபோகஸ் கிடைக்காது.

பழைய மேனுவல் லென்ஸ்களைப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை எவை?

லென்ஸ் எதையும் பூட்டவில்லை என்று கேமரா நினைப்பதால் ஷட்டர் அழுந்தாது. லென்ஸ் இன்றியும் படம் எடுக்க அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் இயக்கிவிடுங்கள். கடையில் 'அடாப்டர் பழுது' என்று திருப்பித் தரப்படுபவற்றில் பலவும் இந்த ஒரு தேர்வைச் செய்யாததன் விளைவே.

எம்42 என்னும் திருகு மவுண்ட் லென்ஸ்களில், எடுத்துக்காட்டாக சோவியத் காலத்து ஹீலியோஸ் 44 வரிசையின் பிற்காலப் பதிப்புகளில், பின்புறம் ஒரு சிறு முள் துருத்திக்கொண்டிருக்கும். அதை அழுத்தினால்தான் அப்பர்ச்சர் சுருங்கும். அடாப்டருக்குள் அந்த முள்ளை அழுத்தும் உள்விளிம்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். லென்ஸில் ஆட்டோ, மேனுவல் விசை இருந்தால் உள்விளிம்பு இல்லாமலும் சமாளிக்கலாம்.

ஃபோகஸுக்கு, விளிம்புகளில் நிறம் காட்டும் பீக்கிங் வசதி கைகொடுக்கும், ஆனால் எஃப்/1.4இல் அதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். காட்சியைப் பெரிதாக்கும் வசதியை ஒரு பொத்தானுக்கு ஒதுக்கி, இமை முடியைப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். லைக்கா எம் மவுண்டின் அகலக் கோண லென்ஸ்கள் சோனியில் ஓரங்களில் குழைவது அடாப்டரின் குற்றமன்று. சோனி சென்சாரின் முன்னுள்ள பாதுகாப்புக் கண்ணாடி லைக்காவினதைவிடத் தடிமனானது.

இவ்வளவு சங்கடம் எதற்கு? கேனான் ஆர் வரிசைக்கே மாறிவிட்டால் என்ன?

ஈ.எஃப். லென்ஸ்கள் ஆறேழு இருந்து, அவை அனைத்தையும் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும் என்றால், அதுவே சரியான முடிவு. 2018இல் ஆர்.எஃப். மவுண்டோடு கேனான் வெளியிட்ட ஈ.எஃப்.-ஈ.ஓ.எஸ். ஆர் அடாப்டரில் லென்ஸும் உடலும் ஒரே நிறுவனத்தின் மொழியில் பேசுவதால், ஆட்டோஃபோகஸும் ஐ.எஸ்.ஸும் குறையின்றி இயங்குகின்றன. அதன் ஒரு பதிப்பில் அடாப்டருக்குள்ளேயே என்.டி. (ஒளியைக் குறைக்கும்) அல்லது போலரைசர் (எதிரொளிப்பைக் குறைக்கும்) ஃபில்டரைச் செருகலாம். முன்பக்கம் குமிழ்போல் புடைத்த அகலக் கோண லென்ஸ்களுக்கு இது பெரிய வரம். சோனிக்கு மாறச் சொல்லத் தகுந்த காரணம், அதற்கெனப் பல நிறுவனங்கள் செய்யும் மலிவான, தரமான லென்ஸ்களின் எண்ணிக்கை. அவற்றை வாங்கப் போவதில்லை என்றால் சோனிக்கு மாறுவதன் ஆதாயம் பாதியாகிவிடுகிறது.

பூட்டவும் கழற்றவும் ஏதேனும் முறை உண்டா?

கேமராவை அணைத்துவிட்டு, முதலில் அடாப்டரை லென்ஸில் பூட்டி, பிறகு இரண்டையும் சேர்த்துக் கேமராவில் பூட்டுங்கள். இரண்டு இடத்திலும் 'டக்' என்று பூட்டு விழும் ஓசை கேட்க வேண்டும். பாதி திருகிய நிலையில் மின்தொடர்புகள் தொட்டும் தொடாமலும் இருந்தால்தான் அப்பர்ச்சர் எண் தோன்றி மறையும். சில அடாப்டர்கள் கேமரா அணைந்திருக்கும்போதும் பேட்டரியை உறிஞ்சுவதால், பையில் வைக்கும் முன் கழற்றிவிடுவது நல்லது.

பழைய கேனான் ஃபிளாஷ் இயங்குமா?

கேமராவின் மேலுள்ள ஃபிளாஷ் பொருத்தியின் நடுப்புள்ளி வழியாகத் தூண்டும் டிரிகர் இருந்தால், மேனுவல் அளவில் ஒளிரும். டி.டி.எல். (ஃபிளாஷ் ஒளியின் அளவைக் கேமராவே கணிக்கும் முறை) கிடைக்காது, அதற்கு எந்த லென்ஸ் அடாப்டரும் உதவாது.

கேமராவின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கலாமா?

அடாப்டர் நிறுவனம் அந்தப் பதிப்புக்கு ஆதரவு அறிவித்த பிறகு புதுப்பியுங்கள். கேமராவின் மென்பொருள் மாறியதும் அடாப்டர் லென்ஸை அடையாளம் காணாமல் போவது உண்டு. வாங்கும்போதே யு.எஸ்.பி. வழியாகப் புதுப்பிக்கக்கூடிய அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். அந்த வசதி இல்லாதது, அடுத்த கேமரா வாங்கும் நாளில் வெறும் வளையமாகிவிடக்கூடும்.